ஃபார்மட் இல்லாமல் மாற்றலாம், பேக்கப் இல்லாமல் கூடாது

திருத்தணி மலைக்கோயிலில் முகூர்த்த நாட்களில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். உள்ளூர்க் குடும்பங்களோடு, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்து வரும் குடும்பங்களும் முருகன் சன்னிதியில் தாலி கட்டிவிட்டுப் போவார்கள். கல்யாணம் முடிந்ததும் ஆல்பத்தோடு சேர்த்து இன்று எல்லோரும் கேட்பது வீடியோ அடங்கிய பென்டிரைவ். அந்த வீடியோவை ஏற்றும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது. பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கும். 6 ஜிபி கோப்பு ஏறாது. “இடம் இருக்கே, ஏன் போகலை?” என்று கேட்டால் எந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலும் தயாராக ஒரு பதில் உண்டு: “ஃபேட்32-ல இருக்கு சார், என்டிஎஃப்எஸ்-ஸுக்கு கன்வெர்ட் பண்ணிடலாம். ஃபார்மட் வேணாம், உள்ளே இருக்கிறது எதுவும் போகாது, பேக்கப்பும் வேணாம்.” இதில் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது வாக்கியத்தில் பெரும்பகுதி உண்மை. கடைசி இரண்டு சொற்கள் முழுத் தவறு. இருந்த இடத்திலேயே ஃபைல் சிஸ்டத்தை மாற்றுவது நன்றாகச் செய்யப்பட்ட தொழில்நுட்பம்தான். ஆனால் அது பேக்கப் எடுக்கும் வேலையை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கையில்தான் பலருடைய படங்களும் கணக்குகளும் காணாமல் போகின்றன.

முதலில் அந்த 6 ஜிபி கோப்பு ஏன் ஏறவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். ஃபேட்32 ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட் இடத்தில் குறித்து வைக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. ஒரு கோப்பு அத்தனை பைட்டுக்கு மேல் இருந்தால் அதன் அளவை எழுதவே இடமில்லை. ஆகவே டிரைவ் மறுத்துவிடுகிறது. 4 ஜிபி வரம்பு என்று நாம் சொல்வது இதைத்தான். நொடிக்கு 25 மெகாபிட் வீதம் பதிவான வீடியோ சுமார் 23 நிமிடத்தில் இந்த வரம்பைத் தொட்டுவிடும். மாங்கல்யதாரணத்தில் தொடங்கி ஆசீர்வாதம் முடிவதற்குள் வரம்பு தாண்டிவிடும். பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை, டூப்ளிகேட்டும் இல்லை. குறை அந்தப் பழைய குறிப்பு முறையில் இருக்கிறது.

இனி நம்பிக்கைகளுக்கு வருவோம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு நம்பிக்கைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஃபைல் சிஸ்டத்தை மாற்ற வேண்டுமென்றால் டிஸ்க்கைத் துடைத்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. எதிலிருந்தும் எதற்கும் ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்று புரிய, ஃபைல் சிஸ்டம் என்பது என்ன என்று தெரிய வேண்டும். டிஸ்க்கில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. படம், பாட்டு, கடிதம் என்று நாம் சேமித்தவை ஒரு வகை. எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது, அதன் பெயர் என்ன, எப்போது மாற்றப்பட்டது என்று சொல்லும் பதிவேடு இன்னொரு வகை. திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போன இந்த ஊர், ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் மத்தியஸ்தர் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மலை நகரவில்லை, வயல் நகரவில்லை, வீட்டு வாசல் ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஊர் எந்த மாநிலத்துப் பதிவேட்டில் நிற்கிறது என்பது மாறியது. இருந்த இடத்திலேயே செய்யும் ஃபைல் சிஸ்டம் மாற்றமும் இதுதான்: கோப்புகள் கிடந்த கட்டத்திலேயே கிடக்கும், அவற்றைப் பற்றிய பதிவேடு மட்டும் புது முறையில் எழுதப்படும். அதனால்தான் ஃபார்மட் கட்டாயமில்லை.

விண்டோஸில் இதைச் செய்யும் கருவி கன்வெர்ட். கருப்புத் திரையில் அந்தக் கட்டளையோடு டிரைவின் எழுத்தையும் என்டிஎஃப்எஸ் என்பதையும் தட்டினால், டிரைவுக்குப் பெயர் வைத்திருந்தால் முதலில் அதைக் கேட்கும். அவசரத்தில் வேறு டிரைவை மாற்றிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு கோப்புகளையும் ஃபோல்டர்களையும் ஒருமுறை சோதிக்கும். அடுத்து, மொத்த இடம் எவ்வளவு, காலி எவ்வளவு, மாற்றத்துக்குத் தேவையான இடம் எவ்வளவு என்று திரையில் எண்களைக் காட்டும். கடைசி எண்தான் முக்கியம். புதுப் பதிவேடு முழுவதும் காலியிடத்தில்தான் எழுதப்படுகிறது. டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் மாற்றம் தொடங்கவே தொடங்காது. பழைய ஃபேட் அட்டவணையை அது உடனே அழிப்பதில்லை. என்டிஎஃப்எஸ்-ஸுக்கான மாஸ்டர் ஃபைல் டேபிளைக் காலியிடத்தில் கட்டி முடித்து, எல்லாம் தயாரான பிறகுதான் டிரைவின் தொடக்கத்திலுள்ள பூட் செக்டாரை மாற்றி எழுதுகிறது. அதுவரை அந்த டிரைவ் ஃபேட்தான். வேலை செய்தவர்கள் பொறுப்பாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதே விளக்கத்தில் இரண்டாவது நம்பிக்கைக்கும் பதில் இருக்கிறது. என்டிஎஃப்எஸ்-ஸில் பூட் செக்டார் தவிர மற்ற பதிவேடுகள் ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ்-ஸும் அப்படித்தான். அதன் தலைமைக் குறிப்பான சூப்பர்பிளாக்குக்கு 64 கேபி, 64 எம்பி, 256 ஜிபி என்று சில இடங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டவை. ஆகவே லினக்ஸின் எக்ஸ்ட் குடும்பத்திலிருந்து அதற்கு மாற்ற ஒரு கருவி எழுத முடிந்தது. லினக்ஸிலேயே உள்ள எக்ஸ்எஃப்எஸ் வேறு மாதிரி. அது டிஸ்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் தன் குறிப்பை வைத்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் ஏற்கனவே உங்கள் கோப்பு உட்கார்ந்திருந்தால் அதைக் கிளப்பி வேறிடத்தில் வைக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்-ஸை உருவாக்கியவர்கள் அப்படி மாற்றும் கருவி எதையும் தரவில்லை. எந்த இரண்டு முறைகளுக்கு இடையே ஒருவர் உட்கார்ந்து பாலம் கட்டினாரோ, அந்த இரண்டுக்கு இடையே மட்டும்தான் மாற்றம் உண்டு. பாலங்கள் பெரும்பாலும் ஒருவழிதான். விண்டோஸின் கன்வெர்ட் ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ்-ஸுக்குக் கொண்டுபோகும், திரும்பக் கொண்டுவராது. எக்ஸ்ஃபேட்டில் இருக்கும் மெமரி கார்டை அது தொடவே தொடாது. 32 ஜிபிக்குமேல் உள்ள எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன என்பதால், கேமரா வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஒருவழித்தன்மை நம் மாவட்டத்து மாணவர்களுக்குப் பழகிய விஷயம். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஆரம்பக் கட்டத்தில் வந்த கருவிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே டிஸ்க்கில் இரண்டு பிரிவுகள், இரண்டு வகை ஃபைல் சிஸ்டங்கள். அப்படி இரண்டும் உள்ள டிஸ்க்கில், லினக்ஸ் பிரிவில் கிடக்கும் பாடக்குறிப்புகளை அசைக்காமல் அந்தப் பிரிவை என்டிஎஃப்எஸ் ஆக்கிவிடலாம் என்று நினைத்தால் அதற்கு விண்டோஸ் தரும் வழி எதுவும் கிடையாது. வெளியே நகலெடுக்க வேண்டும், பிரிவை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும். “விண்டோஸே கேக்குது, ஓகே குடு” என்று நண்பர்கள் சொல்வது ஃபார்மட்டுக்கு ஓகே கொடுப்பதுதான்; கன்வெர்ட் அல்ல.

ஆபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நியாயமாகாது. அதிகம் பயப்படத் தேவையில்லாத நல்ல மாற்றங்களும் உண்டு. லினக்ஸ் உலகத்தில் எக்ஸ்ட்2-விலிருந்து எக்ஸ்ட்3-க்குப் போனது அதில் முதலாவது. 2001 நவம்பரில் 2.4.15 கெர்னலோடு எக்ஸ்ட்3 பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, ஸ்டீபன் ட்வீடி அதை எக்ஸ்ட்2-வின் மீது ஒரு ஜர்னல் சேர்ப்பதாகவே வடிவமைத்திருந்தார். நடக்கப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் குறிப்பேடுதான் ஜர்னல். மின்சாரம் போய்த் திரும்பினால் முழு டிஸ்க்கையும் மணிக்கணக்கில் சோதிக்காமல் குறிப்பேட்டைப் பார்த்தே நிலைமையைச் சரிசெய்துவிடும். டியூன்2எஃப்எஸ் கருவியில் ஒரே கட்டளை, ஒரு ஜர்னல் கோப்பு உருவாகும், வேலை முடிந்தது. ஒழுங்காக அன்மவுண்ட் செய்த பிறகு அதே டிஸ்க்கை மறுபடி எக்ஸ்ட்2 ஆகவே திறக்கவும் முடியும். முன்னும் பின்னும் போகக்கூடிய இப்படிப்பட்ட மாற்றம் அபூர்வம். அடுத்த தலைமுறையில் அந்தச் சலுகை குறைந்துவிட்டது. 2008 டிசம்பரில் 2.6.28 கெர்னலில் நிலைபெற்ற எக்ஸ்ட்4-க்கு எக்ஸ்ட்3 டிஸ்க்கை மாற்றுவதும் ஒரு கட்டளையும் ஒரு சோதனையும்தான். ஆனால் அடுத்தடுத்த கட்டங்களை மொத்தமாகக் குறிக்கும் எக்ஸ்டென்ட் என்ற புதிய முறையை இயக்கி அதில் ஒரு கோப்பு எழுதப்பட்டுவிட்டால் பிறகு அது எக்ஸ்ட்3 ஆகத் திறக்காது.

எக்ஸ்ட்4 உதாரணம் இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறது. மாற்றிவிட்டால் புதிதாக ஃபார்மட் செய்ததற்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். சமமில்லை. எக்ஸ்ட்4-க்கு மாறிய பிறகும் பழைய கோப்புகள் பழைய முறையிலேயே கட்டம் கட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். புதிதாக எழுதப்படும் கோப்புகளுக்குத்தான் எக்ஸ்டென்ட் கிடைக்கும். விண்டோஸில் வித்தியாசம் இன்னும் கூர்மை. விண்டோஸ் 2000 காலத்தில் கன்வெர்ட் செய்த டிரைவுகள் 512 பைட் கிளஸ்டரோடு, அதாவது அந்த அளவுக் கட்டங்களோடு, வெளியே வந்தன. அதே டிரைவைப் புதிதாக ஃபார்மட் செய்தால் வழக்கமாக 4 கேபி கிளஸ்டர் கிடைத்திருக்கும். ஒரு ஜிபி கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4 கேபி கணக்கில் அது 2,62,144 கிளஸ்டர். 512 பைட் கணக்கில் 20,97,152 கிளஸ்டர். எட்டு மடங்கு துண்டுகளைக் கணக்கு வைக்க வேண்டிய சுமை அந்த டிரைவின் ஆயுள் முழுவதும் தொடரும். ஃபேட்டில் இல்லாத தகவலை மாற்றம் உருவாக்கித் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை ஃபேட் இரண்டு நொடிக்கு ஒருமுறை என்ற துல்லியத்தில்தான் குறிக்கிறது. யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்ற அனுமதிக் குறிப்பே அதில் கிடையாது. என்டிஎஃப்எஸ் ஆன மறுநொடி அவை பழைய கோப்புகளுக்கு வந்து சேர்ந்துவிடாது.

இப்போது மையமான விஷயம்: பேக்கப். “எத்தனையோ டிரைவ் கன்வெர்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் ஆகலை” என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கருவி ஒழுங்கானது என்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கருவியின் ஒழுங்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: டிஸ்க் சொன்ன இடத்தில் சொன்னதை எழுதும், எழுதியதைப் பிசகாமல் திருப்பிப் படிக்கும், வேலை முடியும்வரை மின்சாரமும் கேபிளும் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டார் இருந்தால், தளர்ந்த யூஎஸ்பி முனை ஒரு கணம் விட்டுச் சேர்ந்தால், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கரண்ட் போனால், அந்த நிபந்தனை உடைகிறது. பூட் செக்டார் மாறும் அந்தக் கடைசிக் கட்டத்தில் அது உடைந்தால் டிஸ்க் பழையதும் ஆகாது, புதியதும் ஆகாது. நூற்றில் ஒருவருக்கு நடந்தாலும், அந்த ஒருவர் இழப்பது அப்பாவின் கடைசிப் படங்களாக இருக்கலாம். நடக்கும் வாய்ப்பு குறைவு என்பதை, நடந்தால் இழப்பும் குறைவு என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஆப்பிளிடமிருந்து வருகிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2017 மார்ச் 27 அன்று வந்த ஐஓஎஸ் 10.3 புதுப்பிப்பு, உலகெங்கும் இருந்த ஐஃபோன்களை ஹெச்எஃப்எஸ் பிளஸ்ஸிலிருந்து ஏபிஎஃப்எஸ்-ஸுக்கு இருந்த இடத்திலேயே மாற்றியது. பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பிறகு ஏன் நமக்கு மட்டும் பேக்கப்? அவர்கள் அந்த நிலைக்கு எப்படி வந்தார்கள் என்று பார்த்தால் பதில் தெரியும். அதற்கு முந்தைய 10 வரிசைப் புதுப்பிப்புகளின்போதே ஃபோன்களில் மாற்றத்தை ஒத்திகை பார்த்து, சரியாக வந்ததா என்று சோதித்து, பழைய நிலைக்கே திருப்பி வைத்தார்கள்; இதை ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி அதே ஆண்டு ஜூனில் வெளிப்படையாகச் சொன்னார். கருவியும் அவர்களுடையது, மெமரி சிப்பும் அவர்கள் தேர்ந்தெடுத்தது, பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அத்தனை பிடிமானம் இருந்தும் மேக் கணினிகளில் அவர்கள் தயங்கினார்கள். 2017 செப்டம்பரில் வந்த ஹை சியரா முழுக்க ஃப்ளாஷ் நினைவகம் உள்ள மேக்குகளைத்தான் தானாக மாற்றியது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளவற்றை 2018-இல் வந்த மொஹாவி வரை தள்ளிவைத்தார்கள். ஆப்பிளே ஒரு வருடம் யோசித்த ஹார்ட் டிஸ்க்கை, எந்தக் கம்பெனி, எத்தனை வருடப் பழசு என்று தெரியாமல், ஒத்திகையும் இல்லாமல் நாம் மாற்றுகிறோம். இரண்டும் ஒரே கணக்கில் வராது.

லினக்ஸ் பக்கத்து எதிர்வாதம் வேறு. பிடிஆர்எஃப்எஸ் மாற்றக் கருவி பழைய எக்ஸ்ட் டிஸ்க்கின் முழு நிலையையும் சப்வால்யூம் என்ற ஒரு தனி உட்பிரிவில் பத்திரப்படுத்துகிறது. பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடலாம், அதுவே பேக்கப் இல்லையா என்கிறார்கள். அழகான ஏற்பாடு, எனக்கு இதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் திரும்பிப் போனால் மாற்றிய கணத்தில் இருந்த நிலைக்குத்தான் போவீர்கள். அதற்குப் பிறகு எழுதிய எல்லாம் போய்விடும். அந்தச் சப்வால்யூமை நீக்கிவிட்டாலோ, டிஸ்க்கைச் சீராக்க பேலன்ஸ் ஓட்டிவிட்டாலோ திரும்பும் வழி அடைபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழையதும் புதியதும் ஒரே டிஸ்க்கில், ஒரே கட்டங்களைப் பகிர்ந்துகொண்டு இருக்கின்றன. டிஸ்க் இறந்தால் இரண்டும் சேர்ந்தே இறக்கும். வேறொரு டிஸ்க்கில் இருப்பதற்குத்தான் பேக்கப் என்று பெயர்.

“இன்னொரு டிஸ்க் வாங்கப் பணமில்லை, அதனால்தானே கன்வெர்ட் செய்கிறோம்” என்பது நியாயமான குரல். அதற்கும் பதில் உண்டு. டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டியதில்லை. மறுபடி கிடைக்கக்கூடிய சினிமாவையும் மென்பொருளையும் விட்டுவிட்டு, குடும்பப் படம், கணக்கு, சான்றிதழ் ஸ்கேன், தறிக்கூலி ரசீது என்று திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் ஒரு சின்ன பென்டிரைவில் அடங்கும். அதுவும் முடியாவிட்டால் மாற்றாமல் இருக்கலாம். பெரிய வீடியோவை இரண்டு மூன்று பகுதியாக வெட்டி ஃபேட்32-லேயே ஏற்றலாம். அந்தப் பென்டிரைவ் காரிலோ பழைய டிவியிலோ ஓட வேண்டியது என்றால் உண்மையில் இதுவே மேல்; என்டிஎஃப்எஸ்-ஸை அடையாளம் தெரியாத கார் ஸ்டீரியோக்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

கடைசியாக ஒரு தப்பான நம்பிக்கை, எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது: திறக்காத டிரைவைக் கன்வெர்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது. செருகியதும் “ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று கேட்கும் டிரைவ், பண்புகளைப் பார்த்தால் ‘ரா’ என்று காட்டும். பதிவேடு படிக்க முடியாத நிலையில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். கன்வெர்ட் பழைய பதிவேட்டைப் படித்துத்தான் புதியதை எழுதும். படிக்க ஒன்றுமில்லாதபோது ‘ரா’ டிரைவுக்கு இந்த வசதி இல்லை என்று அதுவே திரையில் சொல்லிவிடும். அந்தச் செய்தியைப் பார்த்தவுடன் அடுத்ததாக ஃபார்மட்டை அழுத்துவதுதான் பெரிய தவறு. அப்போது செய்ய வேண்டியது, டிரைவில் எதையும் எழுதாமல் முழு டிரைவையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுத்துவைத்து, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் அந்த இமேஜிலிருந்து மீட்க முயல்வது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்த பிறகு பலர் விண்டோஸ் 11-க்காகச் செய்யும் எம்பிஆர்-ஜிபிடி மாற்றத்தையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது டிஸ்க்கின் பிரிவு அட்டவணையைத்தான் மாற்றும், ஃபைல் சிஸ்டத்தைத் தொடாது. ஆனால் பேக்கப் விதி அதற்கும் பொருந்தும்.

ஆக, ஸ்டுடியோவிலிருந்து வரும் பென்டிரைவுக்கு என் தீர்ப்பு: உள்ளே இருப்பதைக் கணினியில் நகலெடுங்கள், எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள், திரும்ப ஏற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் எக்ஸ்ஃபேட்டின் வடிவக் குறிப்பை வெளியிட்டு, 2020-இல் லினக்ஸ் 5.7-இல் நல்ல டிரைவரும் சேர்ந்த பிறகு, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது தடையின்றித் திறக்கிறது. 4 ஜிபி வரம்பும் இல்லை. எக்ஸ்ட்3-இல் ஓடும் பழைய லினக்ஸ் கணினி இருந்தால் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ட்4-க்குத் தயங்காமல் மாற்றுங்கள். கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வாடிக்கையாளரின் டிரைவில் கன்வெர்ட் கட்டளையைத் தட்டும் முன், “வேற எங்கயாவது இதோட காப்பி இருக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் முதலில் நகலெடுக்கும் வேலையைச் செய்து அதற்குக் கூலி வாங்குங்கள். நியாயமான கூலி அது. வாடிக்கையாளர்களும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.